மஞ்சளாகும் கறிவேப்பிலையும் கீழ்வீட்டு அன்ரியும்

தங்கச்சி, வெள்ளவத்தையில் வாங்கின கறிவேப்பிலைக் கன்று 2 கிழமையில் மஞ்சளாகிவிட்டது, கடைக்காரரும் மாற்றித் தரவில்லை, சாடித் தண்ணீர் கீழ்வீட்டு அன்ரியின் உடுப்பில் சொட்டுது என்று எழுதியிருக்கிறீங்கள். தண்ணீர்தான் கூடிப்போச்சு போல.

கன்றை மெல்லக் கழற்றி வேரைப் பாருங்கோ. எனக்கு முந்திக் கிடைத்த கன்றில் மண்ணே இல்லை, வெறும் தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) தான். கையால் பிழிந்தால் தண்ணீர் ஒழுகினது, வேர் கறுத்து வழுவழுத்துக் கிடந்தது. அழுகினதை வெட்டிவிட்டு, மண், மணல், கொம்போஸ்ட் கலந்து, அடியில் துளை உள்ள சாடியில் நடுங்கோ. விரலை ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊத்துங்கோ. வெயில் நல்லாப் படவேணும்.

சாடிக்குக் கீழே தட்டு வைத்தால் தேங்கினதை உடனே கொட்டிவிடுங்கோ, கொழும்பில் டெங்கு நுளம்புக்கு அவ்வளவு தண்ணீர் போதும்.

அன்ரியிட்ட இன்றைக்கே நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கோ. கன்று தழைத்ததும் முதல் கொத்து அவவுக்கு.