தம்பி யாரையாவது வெட்டிவிடுவானா?

கேள்வி: தம்பிக்கு (27) மனச்சிதைவு நோய். மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. தனியாகப் பேசுகிறான், ராத்திரியெல்லாம் நடக்கிறான், குளிப்பதில்லை. ‘மதினி சோத்துல மருந்து வைக்குது’ என்று சாப்பிட மறுக்கிறான். யூடியூப் பார்த்துப் பயமாக இருக்கிறது. கட்டிப்போடச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். தூக்க மாத்திரையைப் பாலில் கலந்து கொடுக்கலாமா?
(வாசகர், மேலூர்)

பதில்: பாலில் எதையும் கலக்காதீர்கள். சோற்றில் விஷம் என்று நம்புகிறவர், டம்ளரின் அடியில் கரையாத வெள்ளைத் தூளைப் பார்த்தால் என்ன ஆகும்? அவர் சந்தேகம் அவருக்கு நிரூபணமாகிவிடும். பழி உங்கள் மனைவி தலையில் விழும். அவர் மது குடித்திருக்கும் நாளில் கொடுத்தால் மூச்சே நின்றுபோகலாம்.

தனியாகப் பேசுவது, நடப்பது, குளிக்காதது எதுவும் யாருக்கும் ஆபத்தில்லை. இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் யார்மேலும் கை வைப்பதில்லை. அடி வாங்குவதுதான் அதிகம். யூடியூபை மூடுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த மதினி பேச்சு மட்டும்தான். ‘யாரோ என்னைக் கவனிக்கிறார்கள்’ என்று பொதுவாகச் சந்தேகப்படுவது வேறு. ஒரே வீட்டில் இருக்கும் ஓர் ஆள்மேல் அது குத்தி நிற்பது வேறு. மாத்திரையும் நின்றிருக்கிறது. முன்பு யாரையாவது அடித்திருக்கிறாரா? குடி, கஞ்சா உண்டா? ‘அவளை முடித்துவிடு’ என்று காதில் குரல் கட்டளையிடுகிறதா? தம்பியிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது.

நாளைக்கே மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் இதையெல்லாம் சொல்லுங்கள். மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. ஆபத்து என்று மனநல மருத்துவர் உட்பட இரண்டு நிபுணர்கள் பரிசோதித்துச் சொன்னால், அவர் சம்மதிக்காவிட்டாலும், குடும்பத்தின் விண்ணப்பத்தின் பேரில் 2017 மனநலச் சட்டப்படி 30 நாள் வரை சேர்க்கலாம். ராத்திரி சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள், இலவசம்.

அதுவரை மனைவி தன் அம்மா வீட்டில் இருக்கட்டும். அரிவாள், அரிவாள்மனையை அப்புறப்படுத்துங்கள். ‘விஷமெல்லாம் இல்லை’ என்று வாதாடாமல், எல்லோரும் சாப்பிடும் சட்டியிலிருந்து அவரே போட்டுக்கொள்ள விடுங்கள். சங்கிலிப் பேச்சே வேண்டாம், சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் ஓட முடியாமல் செத்தார்கள்.

ஆயுதத்தைக் கையில் எடுத்துவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள். வெளியே வந்து 108-க்கும் 100-க்கும் போன் செய்து, மனநோயாளி என்று முதலிலேயே சொல்லுங்கள். அவரை லாக்கப்பில் வைக்கச் சட்டத்தில் இடமில்லை.