கட்டிலுக்கு அடியில் 262 பிரதிகள்

அண்ணாச்சி, வணக்கம். போன வாரம் நீங்கள் போனில் பேசியதை இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, காலேஜ் விட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறாள், எம்.ஏ. வேண்டாம் என்கிறாள், அந்த எழுத்துச் சனியனை விட்டுத் தொலைக்கச் சொல்லி நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும் என்றீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலில் உங்களிடம் ஒரு கணக்குப் பேச வேண்டும்.

அம்பாசமுத்திரத்தில் இத்தனை வருடமாகப் பாத்திரக்கடை நடத்துகிறீர்கள், அடக்க விலை என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மகளின் சிறுகதைப் புத்தகத்தைப் போட ஒரு பதிப்பாளருக்கு 45,000 ரூபாய் கொடுத்து 300 பிரதி வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றுக்கு 150 ரூபாய் அடக்கம். புத்தகத்தில் போட்டிருக்கிற விலை 160. கடைக்காரர் 35 சதவீதம் கழிவு கேட்டால் கைக்கு வருவது 104. அதாவது பிரதிக்கு 46 ரூபாய் குறைகிறது, 300-ம் விற்றுத் தீர்ந்தால்கூட 13,800 ரூபாய் நஷ்டம்! 128 பக்கம், நேரே அச்சகத்தில் கொடுத்திருந்தால் பாதிப் பணத்தில் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. அந்தப் பதிப்பாளருக்குப் புத்தகம் விற்க வேண்டிய அவசியமே இல்லை, அவருடைய லாபம் உங்கள் செக் பாஸானபோதே வந்துவிட்டது. இதில் உங்கள் மகளின் கதைக்கு என்ன சம்பந்தம், சொல்லுங்கள். போகாத சரக்கு என்று கடைக்குள் வந்தே சேராத சரக்கை எப்படிச் சொல்வது?

முறையான ஏற்பாடு வேறு. பதிப்பாளர்தான் முதல் போடுவார், எழுதியவருக்குப் பெரும்பாலும் 10 சதவீதம் ராயல்டி. அதையும் போட்டுப் பாருங்கள்: 160 ரூபாய்ப் புத்தகம் 300-ம் விற்றுத் தீர்ந்தால் 4,800 ரூபாய். முன்பெல்லாம் 1,000, 1,200 என்று அடித்தார்கள், அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்குகிற லைப்ரரி ஆர்டரை நம்பி. இப்போது 300, அதற்கும் குறைவு, கேட்டால் மட்டும் அச்சடித்துத் தருகிற பி.ஓ.டி. என்று வந்துவிட்டது. ஆக நல்ல பதிப்பாளரே கிடைத்தாலும் சிறுகதை எழுதிக் குடும்பம் நடத்த முடியாது. இதை அவளிடம் மறைக்காதீர்கள். ஆனால் "நான் அப்பவே சொன்னேன்லா" என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து உங்கள் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம், மதினி உட்பட.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004-ல் நானும் கவிதைப் புத்தகம் போட்டேன், 500 பிரதி. லைப்ரரி ஆர்டர் கட்டாயம் வரும் என்று அடித்துச் சொன்ன ஆள் அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஜங்ஷன் பக்கம் லாரி ஆபீசிலிருந்து பார்சலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன், பரணில் போட்டேன், ராமபாணப் பூச்சிதான் முழுசாக வாசித்தது. கல்யாண வீடுகளில் மொய்க்கவரோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு மண்டபத்தில் கரண்ட் போனபோது முன்வரிசையில் ஒருவர் என் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார். சிரிப்பாக இருக்கிறது இப்போது. அப்போது இரண்டு வருடம் ஒரு வரி எழுதவில்லை, கவிதை வாசிக்கவும் பிடிக்கவில்லை. அந்த இரண்டு வருடம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது, பணம் இல்லை. அதனால்தான் உங்கள் மகள் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்றதும் பதறினேன். சாப்பாடும் தூக்கமும் இன்னும் பத்து நாளில் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், அது என் வேலை இல்லை, என் பேச்சால் தீராது.

எழுத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நீங்கள் புதுமைப்பித்தனைச் சொன்னீர்கள். சரிதான், 1948-ல் 42 வயதில் காசநோயில் போய்விட்டார், கையில் காசில்லை. ஆனால் அதே நெல்லைச் சீமையில் வண்ணதாசன் பேங்க் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார், 2016-ல் சாகித்திய அகாதமி வந்தது. தோப்பில் முகமது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர், 1997-ல் அவருக்கும் அதே விருது. இரண்டு பேரும் அரிசி பருப்புக்கு எழுத்தை நம்பி இருக்கவில்லை, அதனால் யாருக்காகவும் எழுத்தை வளைக்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. உங்கள் மகளுக்கு நான் சொல்லப்போவதும் இதுதான்.

இப்போது இன்னொரு பதிப்பாளர் அவளிடம் சொல்லியிருக்கிறாராமே, "சிறுகதை போகாதும்மா, பாண்டிய ராஜா வருகிற மாதிரி 400 பக்கம் சரித்திர நாவல் எழுது, இல்லையென்றால் தன்னம்பிக்கைப் புத்தகம் எழுது, பேச்சுமொழியைக் குறை" என்று. அவள் அதையே நினைத்துக் குழம்பிப்போயிருக்கிறாள் என்று நினைக்கிறேன். சந்தைக்கு எழுதுவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். எழுதட்டும், ஆனால் கூலி வேலை மாதிரி: முன்பணம் வாங்கி, ஒப்பந்தம் போட்டு, சொந்தக் காசு ஒரு பைசா போடாமல். அவர் முன்பணம் தரத் தயாரா என்று கேட்கச் சொல்லுங்கள், தயாரில்லை என்றால் அந்த யோசனையின் மதிப்பு அவ்வளவுதான். பேச்சுமொழியைக் குறைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடே இல்லை. அவள் புத்தகத்தில் மூன்றாவது கதையை வாசித்தீர்களா? பீடி சுற்றும் ஒரு அம்மா கொண்டுபோன கட்டைக் கடைக்காரன் பிரித்துப் பார்த்துப் பாதியைக் கழித்துப் போடுகிறான், அந்த அம்மா ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்து மறுபடி சொளவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, கத்திரியை எங்க வச்ச" என்று மகளிடம் கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியைப் பொதுத்தமிழில் எழுதினால் கதை செத்துவிடும். நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். இன்று ராத்திரி கடை சாத்திவிட்டு வந்து வாசியுங்கள், வாசித்தேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

சரி, படிப்பு. பி.ஏ. தமிழ் மூன்றாம் வருடம். என் யோசனை எம்.ஏ. படிக்கட்டும், அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகமோ பாளையங்கோட்டைக் கல்லூரியோ, தினம் வீட்டிலிருந்து போய்வருகிற தூரம்தான். கூடவே கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படித்து ஜே.ஆர்.எஃப். என்கிற உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய். அது எல்லாருக்கும் கிடைத்துவிடாது, அதனால் குரூப் 4-ம் எழுதி வைக்கட்டும். 200 கேள்வியில் 100 தமிழ், அவளுக்கு அது வீட்டுச் சாப்பாடு. பி.எட். பிறகு பார்த்துக்கொள்ளலாம், இரண்டு வருடம், செலவும் உண்டு. மெய்ப்புத் திருத்தும் வேலை பக்கத்துக்கு இவ்வளவு என்று கிடைக்கும், கைச்செலவுக்கு ஆகும். அதைவிட முக்கியம், புத்தகத் தொழிலின் உள்கூத்து அவளுக்குத் தெரிந்துவிடும், அடுத்த தடவை யாரும் ஏமாற்ற முடியாது. சாகித்திய அகாதமியின் யுவ புரஸ்கார் 35 வயது வரைக்கும் உண்டு, 50,000 ரூபாய். அதை வரவில் எழுதிவிடாதீர்கள், சும்மா காதில் போட்டு வைக்கிறேன்.

கட்டிலுக்கு அடியில் இருக்கிற 262 பிரதிகளை முதலில் அவள் அறையிலிருந்து எடுத்துக் கடை மாடியில் வையுங்கள். தினமும் அதன் மேலேயே படுத்துத் தூங்கினால் யாருக்குத்தான் சோறு இறங்கும். சொந்தக்காரர்கள் தலையில் கட்டவும் வேண்டாம், இரக்கப்பட்டு வாங்குகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். நெல்லையில் தமுஎகச, கலை இலக்கியப் பெருமன்றம் மாதிரி எழுத்தாளர் அமைப்புகளின் கூட்டங்கள் நடக்கின்றன, பத்துப் பிரதியோடு போகட்டும், பேசட்டும், சண்டை போடட்டும். பொருநை புத்தகத் திருவிழா வரும்போது அங்கே கடை போடுகிற யாரிடமாவது இருபது வைக்கக் கேட்போம்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டி வாருங்கள், முருகன்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் இறங்கிப் போன் செய்தால் நானே வருகிறேன். பணம் வாங்கிய பதிப்பாளர் போட்ட ஒப்பந்தத் தாளை மறக்காதீர்கள். உரிமை எத்தனை வருடத்துக்கு என்று அதில் எழுதவே இல்லை என்றால், 1957 காப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருடம்தான், அப்புறம் கதைகள் அவளுக்கே திரும்பிவிடும். ஆயுள் முழுக்க என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா பார்க்க வேண்டும். புத்தகம் ஒன்றும் கொண்டு வாருங்கள், இலவசம் வேண்டாம். நான் வாசித்தது லைப்ரரி பிரதி, 160 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன்.