சின்ன யுஎஸ்பி–சீரியல் போர்டுக்கு எந்த ஐசி, எதைக் கவனிக்க வேண்டும்?

டைப்-சி சாக்கெட்டுடன், ஈஎஸ்பி8266 (வைஃபை சிப்) போன்ற 3.3 வோல்ட் போர்டுகளோடு கம்ப்யூட்டரின் யுஎஸ்பி வழியாகப் பேச, முடிந்தவரை சிறியதாக ஒரு கன்வெர்ட்டர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிஎச்340இ என்ற யுஎஸ்பி–சீரியல் ஐசி போதும். பத்துக் கால், 3 மி.மீ. சதுர உடல், கிரிஸ்டல் (கடிகாரத் துடிப்பு தரும் பாகம்) தேவையில்லை. அதே குடும்பத்து சிஎச்340ஜி எடுத்தால் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கும் அதன் இரண்டு கெப்பாசிட்டருக்கும் இடம் தேட வேண்டிவரும்.

ஒரு குறை: சீரியல் போர்ட்டின் இரண்டு கட்டுப்பாட்டு சிக்னல்களில் சிஎச்340இ-யில் ஆர்டிஎஸ் உண்டு, டிடிஆர் இல்லை. ஈஎஸ்பி-யைத் தானாக ரீசெட் செய்து பூட் மோடுக்கு (புது புரோகிராம் ஏற்றும் நிலைக்கு) கொண்டுபோகும் இரண்டு டிரான்சிஸ்டர் சர்க்யூட்டுக்கு இரண்டுமே வேண்டும். அது தேவையென்றால் பதினாறு கால் சிஎச்340சி-க்குப் போங்கள். போர்டு கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

தவறு அதிகம் நடப்பது ஐசியின் உள் 3.3 வோல்ட் காலான வி3-யில். ஐசிக்கு 5 வோல்ட் கொடுத்தால் வி3-யிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட் போட வேண்டும், 3.3 கொடுத்தால் வி3-யை விசிசி-யோடு (ஐசியின் பவர் கால்) இணைக்க வேண்டும். டிஎக்ஸ் (டேட்டா அனுப்பும் கால்) சிக்னலின் வோல்டேஜ் விசிசி-யைப் பொறுத்தது என்பதால் உங்களுக்கு 3.3 தான் சரி. யுஎஸ்பி-யின் 5 வோல்ட்டை 3.3 ஆக்க, எஸ்ஓடி-23 என்ற சின்ன அளவில் வரும் எக்ஸ்சி6206 ரெகுலேட்டரும் அதன் இருபுறமும் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போதும். ஆனால் அது 200 மில்லியாம்பியர் வகை. வைஃபை அனுப்பும் நேரத்தில் ஈஎஸ்பி திடீரென்று நிறைய கரண்ட் இழுக்கும், அதற்குத் தனி சப்ளை கொடுங்கள்.

டைப்-சி-யில் பவர் கேட்கும் கால்களான சிசி1, சிசி2 இரண்டிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியாக 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடவே கூடாது. 2019-இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பை 4-இல் இதே பிழை இருந்ததால் இ-மார்க்கர் (உள்ளே அடையாளச் சிப் உள்ள) கேபிள்களில் பவர் வரவில்லை. ரெசிஸ்டரே போடாவிட்டால் டைப்-ஏ முனையும் டைப்-சி முனையும் உள்ள கேபிளில் போர்டு ஓடும், இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் செத்துக் கிடக்கும். முதல் வகைக் கேபிளில் மட்டும் சோதித்தால் இது தப்பிவிடும்.

யுஎஸ்பி-யின் டேட்டா கம்பிகளான டி பிளஸ், டி மைனஸில் வேகம் நொடிக்கு 12 மெகாபிட்தான். ஓரிரு சென்டிமீட்டருக்கு இம்பீடன்ஸ் கணக்குப் போட்டுக் கவலைப்பட வேண்டாம். ஜோடியாக, கீழே உடையாத கிரவுண்டு இருக்கும்படி ஓட்டினால் சரி. இந்த ஐசிக்கு வெளியே சீரிஸ் ரெசிஸ்டரும் வேண்டாம். விபஸ்ஸில் (யுஎஸ்பி-யின் 5 வோல்ட் கம்பி) மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 10 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது.

டிஎக்ஸ், ஆர்எக்ஸ் (டேட்டா பெறும் கால்) இரண்டிலும் 470 ஓம் ரெசிஸ்டர் கட்டாயம் போடுங்கள். யுஎஸ்பி-யைப் பிடுங்கிய பிறகும் எதிர்ப்பக்க போர்டு ஓடிக்கொண்டிருந்தால், அதன் டிஎக்ஸ் வழியாகக் கரண்ட் உங்கள் ஐசிக்குள் ஏறி அதை அரைகுறையாக விழிக்க வைக்கும். மறுபடி செருகும்போது போர்ட் தெரியாமல் போக இது ஒரு காரணம். ரெசிஸ்டர் அந்தக் கரண்டைக் கட்டுப்படுத்தும்.