ஏலத்தில 12 டொலர், கையில எத்தினை? முத்திரை விக்கிறவைக்கு கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா, நான் திருகோணமலை உப்புவெளியில இருந்து. எங்கட அப்பப்பா இஞ்சத்தைய கடற்படைத் தளத்து டொக்யார்ட்டில கிளாக்கா இருந்தவர், 57ல வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போகுமட்டும் அங்கதான் வேலை. அவர் சேத்த முத்திரை மூண்டு அல்பம், அதோட ஒரு பிஸ்கட் ரின் நிறைய பழைய கடித உறையள். தம்பி சொல்லுறான் ஒவ்வொண்டா ஈபே எண்ட இணையத் தளத்தில ஏலத்துக்குப் போட்டா நல்ல காசு வரும் எண்டு. அவங்கள் எவ்வளவு வெட்டுவாங்கள்? எங்கட கையில ஏதும் நிக்குமா?

பதில்: நிக்கும் தங்கச்சி, ஆனா தம்பி சொல்லுற மாதிரி ஒவ்வொண்டா போட்டா நிக்காது. ஏன் எண்டு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறன், பேனை எடுத்துக்கொண்டு வந்து இருங்கோ.

ஈபே வெட்டுறது முத்திரை போன விலையில மட்டும் இல்ல, வாங்கிறவர் கட்டுற மொத்தத்தில, அதாவது போஸ்ட் காசையும் சேத்து, அவர்ட ஊர் விற்பனை வரி இருந்தா அதையும் சேத்து. இதுதான் கனபேருக்கு விளங்காத இடம். ஈபேன்ட அமெரிக்கத் தளத்தில கடை எடுக்காம சும்மா விக்கிறவைக்கு 2025 பெப்ரவரியில இருந்து பெரும்பாலான சாமானுக்கு 13.6 வீதம், அதுக்கு மேல ஓடர் ஒண்டுக்கு 10 டொலர் வரைக்கும் 30 சதம், 10க்கு மேல போனா 40 சதம். வேற நாட்டுக்கு வித்தா அங்கத்தைய கணக்குக்கு இன்னொரு 1.65 வீதம். இஞ்ச இருந்து திறக்கிற கணக்குக்கு ரேட் கொஞ்சம் மாறலாம், உங்கட கணக்குக்குள்ள போய் கட்டண டேபிளை ஒருக்கா வடிவா பாருங்கோ, நான் இந்த ரேட்டையே வைச்சுச் சொல்லுறன்.

இப்ப ஒரு முத்திரையை 99 சதத்தில ஏலத்துக்கு விடுறீங்க, ஒரே ஒருத்தர் கேட்டார், 99 சதத்திலயே முடிஞ்சிட்டுது எண்டு வையுங்கோ. ரெஜிஸ்டர் போஸ்டுக்கு 5 டொலர் வாங்குறீங்க. மொத்தம் 5.99. அதில 13.6 வீதம் 81 சதம், ஓடருக்கு 30 சதம், வெளிநாட்டுக்கு 10 சதம், எல்லாமா 1.21. முத்திரை போனதே 99 சதத்துக்குத்தான்! அப்ப நீங்க 22 சதம் கையால போட்டு, அப்பப்பான்ட முத்திரையையும் குடுத்து, என்.சி. வீதியால நடந்து போய் தபால் கந்தோரில லைன்ல நிண்டு அனுப்பி இருக்கிறீங்க. நான் இப்படி தொடக்கத்தில ஒரு ஏழெட்டு முத்திரை வித்தனான், மனிசி இண்டைக்கும் சொல்லிச் சிரிக்கிறா.

12 டொலருக்குப் போன முத்திரை எண்டா? போஸ்டோட 17. வெட்டு 2.31, 40 சதம், 28 சதம், கூட்டினா கிட்டத்தட்ட 3 டொலர். போஸ்டுக்கு வாங்கின அஞ்சும் போஸ்டுக்கே போயிடும், மிச்சம் 9. அது நேரா பாங்குக்கு வராது, இஞ்ச இருந்து விக்கிறவைக்கு பேயோனியர் எண்ட இணையப் பணக் கொம்பனிக் கணக்குக்குத்தான் வரும், அங்க இருந்து ரூபாவா மாத்தி எடுக்கேக்க இன்னும் ரெண்டு மூண்டு வீதம் தேயும். எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில நிக்கும். பரவாயில்ல எண்டு நினைப்பீங்க, ஆனா பேயோனியர்ல 12 மாசத்தில அவை வைச்சிருக்கிற எல்லைக்குக் குறைய வந்திருந்தா வருஷக் கட்டணம் எண்டு 29.95 டொலர் எடுப்பினம். வருஷத்துக்கு பத்து முத்திரை விக்கிற ஆளுக்கு அது முத்திரை ஒண்டுக்கு 3 டொலர். அப்ப 12 டொலர் எண்டு சந்தோஷப்பட்டது கடைசியில அஞ்சரை, ஆறு. இதில மட்டை, பிளாஸ்டிக் உறை, கவர், நீங்க மினக்கெட்ட நேரம் ஒண்டும் சேரேல்ல.

அதால நான் செய்யிறது என்னெண்டா, 20 டொலருக்கு மேல போகும் எண்டு நம்பிக்கை இருக்கிற முத்திரையை மட்டும் தனிய போடுறது, மிச்சத்தை நூறு, இருநூறா ஒரே லொட்டா கட்டி விடுறது. ஒரு ஓடர், ஒரு கவர், ஒரு ரெஜிஸ்டர் நம்பர்.

அந்த பிஸ்கட் ரின்னுக்கு வருவம், எனக்கு அல்பத்தை விட அதிலதான் கண். தயவுசெய்து அந்த உறையள்ல இருந்து முத்திரையை வெட்டவோ தண்ணியில ஊற வைக்கவோ வேண்டாம். திருகோணமலை தபால் முத்திரை குத்து, யுத்தக் காலத்தில கடிதத்தை வாசிச்சுப் பாத்து விட்ட கடற்படை சென்சர் குத்து உள்ள உறையளைத் தேடி வாங்கிற ஆக்கள் உலகம் முழுக்க இருக்கினம், அவைக்கு முத்திரை பெரிசில்ல, எந்தத் திகதி எந்தக் குத்து எண்டதுதான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதிதானே ஜப்பான்காரன் இஞ்ச குண்டு போட்டவன், அந்த மாசத்துத் திகதியில ஒண்டு கிடந்தா அதை முதல்ல தனியா எடுத்து வையுங்கோ. அல்பத்துக்குள்ள எங்கட ஊர் படம் போட்ட ஒரு ரூபா முத்திரையும் இருக்கோ எண்டு பாருங்கோ, ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து 1935 செற்றிலயும் இருக்கு, ஆறாம் ஜோர்ஜ் தலையோட 1938 செற்றிலயும் இருக்கு. 38 செற் பாக்க எல்லாம் ஒண்டு போலதான் இருக்கும், ஆனா சிலதில ஓரத்துப் பல்லு எண்ணிக்கை மாறினா, கடதாசிக்குள்ள மங்கலாத் தெரியிற வாட்டர்மார்க் அடையாளம் நேரா இல்லாம பக்கவாட்டா இருந்தா விலை சொல்லுக்கடங்காம மாறும். இதைப் பாக்காம லொட்டில போட்டா வாங்கிறவர் சிரிச்சுக்கொண்டு வாங்குவார்.

இன்னொண்டு, எங்கட ஊர் உப்புக் காத்தும் மாரி ஈரமும் முத்திரைக்கு நஞ்சு. ஓரத்தில பழுப்புப் புள்ளி, பின்னால பசை அல்பத்தோட ஒட்டினது, இதெல்லாம் இருந்தா போட்டோவில மறைக்காமக் காட்டுங்கோ. மறைச்சா திருப்பி அனுப்புவினம், அந்தப் போஸ்ட் காசும் உங்கட தலையில.

லண்டனில சொந்தம் ஒண்டு இருக்காத வீடு எங்கட பக்கம் குறைவு. இருந்தா கேட்டுப் பாருங்கோ. ஈபேன்ட பிரித்தானியத் தளத்தில அங்க இருக்கிற தனியாக்கள் விக்கிறதுக்கு 2024 ஒக்டோபரில இருந்து விற்பனைக் கட்டணம் இல்ல, அதுக்குப் பதிலா வாங்கிறவரிட்ட ஒரு பாதுகாப்புக் கட்டணம் எடுக்கினம். இலங்கை முத்திரைக்கு நல்ல விலை குடுக்கிற ஆக்களும் அந்தப் பக்கம்தான் கூட, உள்ளூர் போஸ்டும் மலிவு. ஆனா வருஷத்தில 30 விற்பனை வந்தா தளமே அங்கத்தைய வரிக் கந்தோருக்கு விபரம் குடுக்கும், அதை முன்னமே அக்காவுக்கோ மச்சானுக்கோ சொல்லிப்போட்டு குடுத்து விடுங்கோ, பேந்து சண்டை வேண்டாம்.

கேள்வி: சேர், கிண்ணியாவில இருந்து எழுதுறன். லண்டன் ஏலக் கடையள் ஈபேயை விட நல்லமா? கட்டலொக்கில என்ட ஒரு முத்திரைக்கு 100 பவுண் போட்டிருக்கு.

பதில்: முதல்ல அந்த 100 பவுண்டை மறந்திடுங்கோ. ஸ்டான்லி கிப்பன்ஸ் கட்டலொக்கில இருக்கிறது அவை தங்கட கடையில நல்ல நிலையில இருக்கிற முத்திரையை விக்கிற விலை, உங்களிட்ட வாங்கிற விலை இல்ல. ஏலத்தில அதில பாதி வந்தாலே நீங்க ராசியான ஆள்.

ஏலக் கடையில ரெண்டு பக்கமும் வெட்டு. வாங்கிறவர் மேலதிகமா 20, 25 வீதம் கட்டோணும், விக்கிற உங்களிட்ட 10இல இருந்து 20 வீதம் வரைக்கும் எடுப்பினம். வாங்கிறவர் கட்டுறதுதானே எனக்கென்ன எண்டு நினைக்கக் கூடாது. பொக்கெட்டில 100 பவுண் வைச்சிருக்கிற ஆள் 25 வீதத்தைக் கணக்குப் பாத்து 80க்கு மேல கேக்கமாட்டார். அந்த 80இல உங்கட 15 வீதம் போனா 68. அவர் குடுத்தது 100, உங்களுக்கு வந்தது 68. சில இடத்தில படம் எடுக்க, இன்சூரன்சுக்கு, விக்காமல் திரும்பினதுக்கு எண்டும் தனியா எடுப்பினம், கையெழுத்துப் போட முதல் அந்த வரியளைத் தேடி வாசியுங்கோ.

ஆனாலும் உண்மையான பெரிய முத்திரை எண்டா அங்கதான் போகோணும். 1857 ஏப்ரல் 1ஆம் திகதி சிலோன்ட முதல் முத்திரை 6 பென்ஸ் வந்தது, அதுக்குப் பிறகு வந்த பென்ஸ் முத்திரையள்ல 1859இல வந்த, ஓரத்தில பல்லு வெட்டாத 4 பென்ஸ் மங்கின ரோசா நிறம்தான் எல்லாத்திலயும் அருமை. அதில ஒண்டு கிடைச்சிருக்கு எண்டு ஈபேல போட்டா ஒருத்தரும் நம்பமாட்டினம், போலியும் ஓரம் வெட்டினதும் அவ்வளவு. நிபுணர் சேர்ட்டிபிகேட் இல்லாம விலை வராது, அந்தச் சேர்ட்டிபிகேட் காசு சின்ன முத்திரைக்குக் கட்டவும் கட்டாது. 100 பவுண் கட்டலொக் முத்திரைக்கு அது தேவையில்ல, ஈபே போதும்.

கேள்வி: ரெஜிஸ்டர் இல்லாம சாதாரண கடிதத்தில அனுப்பினா செலவு குறையும்தானே அண்ணே?

பதில்: குறையும், நானும் அப்படி யோசிச்ச ஆள்தான். 35 செற் ஒரு ரூபா, எங்கட ஊர் படம் போட்டது, 28 டொலருக்குப் போச்சு, நல்ல சந்தோஷத்தில சாதாரண எயார்மெயிலில விட்டன். அஞ்சு கிழமையால வாங்கினவர் வரேல்ல எண்டு எழுதினார். வந்ததோ வரேல்லையோ எண்டு காட்ட என்னட்ட ஒரு துண்டும் இல்ல, முழுக் காசையும் திருப்பிக் குடுத்தன், முத்திரையும் போச்சு. ரெஜிஸ்டர் எண்டா ஆர் எண்டு தொடங்கி எல்கே எண்டு முடியிற 13 எழுத்து நம்பர் கிடைக்கும், அதை ஓடரில போட்டுவிட்டா உங்கட பக்கம் பேச ஒரு சாட்சி இருக்கும். தபால் கந்தோரில தாற அந்தச் சின்னத் துண்டை நான் இப்ப அல்பத்திலயே செருகி வைக்கிறனான், முத்திரை இருந்த இடத்தில.