வளவுக் கொட்டிலுக்கு எந்த மின் விநியோகப் பெட்டி பொருந்தும்?

வீட்டிலிருந்து தள்ளி நிற்கும் வலைக் கொட்டில், மோட்டார் அறை போன்றவற்றுக்கு வரும் மின்சாரத்தைப் பல சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரேக்கர் (அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் தானே துண்டிக்கும் சுவிச்) வைக்கும் பெட்டியே மின் விநியோகப் பெட்டி எனப்படுகிறது. வாய்க்காலில் கிளை பிரியும் இடத்தில் மதகு இருந்தால், உடைந்த கிளையை மட்டும் அடைத்துவிட்டு மற்ற வயல்களுக்கு நீர் பாய்ச்சலாம், இதுவும் அவ்வாறே.

திருகோணமலையில், குறிப்பாக உப்புவெளி, நிலாவெளிக் கரையோரங்களில், பெட்டியைத் தின்பது உப்புக்காற்று. இரும்புப் பெட்டி விரைவில் துருப்பிடிக்கும். வடகீழ்ப் பருவமழையின் சாரலும் உள்ளே புகும். ஆகையால் ஐபி65 தரமுள்ள, அதாவது தூசி புகாத, பீச்சியடிக்கும் நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் பெட்டியே நல்லது. வயர் நுழையும் துளைகளை அடைப்பின்றி விட்டால் அந்தத் தரத்துக்குப் பொருளே இல்லை. 30 மில்லி அம்பியர் கசிவில் மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் கட்டாயம் வேண்டும், ஏனெனில் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் உடல் வழியே பாய்ந்து உயிரைப் பறிக்கக்கூடிய சிறு மின்னோட்டத்தைச் சாதாரணப் பிரேக்கர் உணராது. பொருத்தும் வேலையைத் தகுதிபெற்ற மின்னியலாளரிடமே விடவும்.

அம்பியர் கூடிய பிரேக்கர் கூடுதல் பாதுகாப்புத் தரும் என்று பலர் நம்புகின்றனர். பிரேக்கர் காப்பது வயரையே என்பதால், 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 40 அம்பியர் பிரேக்கர் போட்டால், அது மின்னைத் துண்டிக்குமுன் வயரே சூடேறி எரியலாம்.