கண் அசைவு சிகிச்சை குழந்தைகளுக்கு உதவுமா?

ஃபெஞ்சல் புயலின்போது கடலூரில் உங்கள் வீட்டுக்குள் தென்பெண்ணை வெள்ளம் புகுந்ததிலிருந்து, மழைச் சத்தம் கேட்டாலே 8 வயது மகள் நடுங்குகிறாள், கண் அசைவு சிகிச்சை உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவ நல்ல வாய்ப்பு உண்டு. இ.எம்.டி.ஆர். (EMDR) எனப்படும், அதிர்ச்சி நினைவுகள் தரும் பயத்தைத் தணிக்கும் இந்த முறையை 1987-இல் தொடங்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ. 2013-இல் உலக சுகாதார நிறுவனம் இதைக் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தது.

எடுத்ததும் வெள்ளத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். முதலில் குழந்தையின் மனதுக்குத் தெம்பு வர வேண்டும். அப்புறம்தான் அந்தக் காட்சியை வரையச் சொல்லி, அதை மனதில் வைத்தபடியே சிகிச்சையாளரின் விரலையோ பொம்மையையோ கண்ணால் தொடரச் சொல்வார்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலை என்பதால் நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு முக்கிய விளக்கம். கண் அசைவுக்கு இதில் எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

கண் அசைவுக்குப் பதிலாகச் சின்னப் பிள்ளைகள் கைகளை மார்பில் குறுக்கே வைத்து மாறி மாறித் தட்டிக்கொள்வதும் உண்டு. மெக்சிகோவில் 1997 பாலின் புயலில் தப்பிய குழந்தைகளுக்காக உருவான வழி அது!

தயவுசெய்து வீடியோ பார்த்து வீட்டில் செய்யாதீர்கள். பாதியில் நின்றால் பயம் கூடலாம். புதுச்சேரி ஜிப்மர் மனநலப் பிரிவில் முதலில் காட்டுங்கள். இ.எம்.டி.ஆர். பயிற்சி பெற்றவர் யார் என்று அங்கேயே விசாரியுங்கள்.