பழைய புல்லட்டுக்கு செயினும் ஸ்பிராக்கெட்டும் மாற்றும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஸ்பிராக்கெட் என்பது செயின் பற்றி ஓடும் பற்சக்கரம். கியர்பாக்ஸில் சிறியதும் பின்சக்கரத்தில் பெரியதுமாக இரண்டு உண்டு. பழைய புல்லட் 350-க்கு உரிய செயின் 530 வகையாகும். அந்த எண்ணில் 5 என்பது அடுத்தடுத்த பின்களுக்கு (இணைப்புகளைக் கோக்கும் சிறு ஆணிகளுக்கு) இடையே 5/8 அங்குலம், அதாவது 15.875 மி.மீ. என்பதையும், 30 என்பது உள் அகலம் 3/8 அங்குலம் என்பதையும் குறிக்கின்றன.

செயின், இரண்டு ஸ்பிராக்கெட்டுகள் என மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த செயினில் பின்களின் இடைவெளி கூடிவிடுவதால், பற்களும் அதற்கேற்பக் கொக்கிபோல் வளைந்து தேய்கின்றன. அவற்றின் மேல் போட்ட புதிய செயின், பிறர் கால் பட்டுத் தேய்ந்த செருப்பைப் போல, எங்கும் சரியாகப் பொருந்தாது, விரைவில் கெட்டும் போகும். பழைய புல்லட்டில் பின் ஸ்பிராக்கெட் பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பாக இருப்பதால் செலவு கூடும். பலர் அதை விட்டுவிடுவதற்கு அதுவே காரணம்.

செயினை இறுக்கிப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபது இணைப்புகள் தள்ளியுள்ள பின்னின் நடுவரை அளந்து பாருங்கள். புதிதில் 317.5 மி.மீ. இருக்கும், 324-ஐ நெருங்கினால் மாற்றிவிடலாம்.

பற்களின் எண்ணிக்கையைப் பழையபடியே வைப்பது நல்லது. முன்பக்கம் 16-ஐ 17 ஆக்கினால் அதே வேகத்தில் எஞ்சின் சுமார் 6 சதவீதம் மெதுவாகச் சுழலும், ஆனால் மேட்டில் திணறும். ஓ-ரிங் செயின், அதாவது உள்ளே கிரீஸ் வெளியேறாதபடி ரப்பர் வளையங்கள் பொருத்திய செயின், சற்றே அகலமானது. செயின் உறையில் உரசுகிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

செயின் நீள்வது இரும்பு இழுபடுவதால் அன்று, பின்னும் அதைச் சுற்றிய புஷ் என்னும் சிறு குழாயும் தேய்வதால்தான்.